குழந்தைக்கு ஊசி போடலாமா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உலகமெங்கும் ஒரு தொத்து வியாதி பரவி நிற்கும் காலத்தில், சிறு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடலாமா கூடாதா என்பதைப்பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். இது வைத்தியர்கள் பேச வேண்டிய விஷயமல்லவா, மேடைப் பிரசாரகர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். நாம் வைத்தியரல்ல, காலேஜில் படித்தவருமல்ல. ஆனால், ஊசி குத்துகிறவர் வைத்தியரானாலும் குழந்தையின் கையை நீட்டிக் கொடுக்கிறவர்கள் நீங்கள்தான். கையை நீட்டுவதா, இழுத்துக் கொள்ளுவதா என்கிற தீர்மானம் ஆஸ்பத்திரியில் ஆவதில்லை. அது திண்ணையிலும், டீக்கடையிலும், அடுப்பங்கரையிலும் ஆகிறது. ஆதலால் அதைப்பற்றித் திண்ணையில் பேசுகிறவர்களும் கொஞ்சம் கணக்கோடு பேச வேண்டாமா என்பதுதான் நம்முடைய கவலை.

கொரோனா காலத்தில், 2021, 2022ஆம் வருஷங்களில், குழந்தைகளுக்கும் ஊசி வருகிறது என்ற சேதி வந்தவுடன் நம் தோழர்கள் பலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். “எதையும் சந்தேகப்படு, எவன் சொன்னாலும் அப்படியே நம்பாதே என்று ஊர் ஊராய்ப் போய்ச் சொன்னவர்கள் நீங்கள். சாஸ்திரத்தை நம்பாதே, சாமியாரை நம்பாதே என்றீர்கள். இப்போது டாக்டர் சொன்னால் மட்டும் நம்பு என்கிறீர்களே, இது என்ன நியாயம்? வேதத்துக்குப் பதிலாக ஊசி வந்துவிட்டதா?” என்பதுதான் அந்தக் கேள்வி.

தோழர்களே! இது கேட்கத் தகுந்த கேள்விதான். கேட்டவர்களைப் பார்த்து நாம் கோபித்துக் கொள்ளப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்லுகிறோம். சந்தேகம் என்பது வழியில் இருக்கிற ஒரு சாவடி. அதுவே ஊர் அல்ல. சாவடியில் தங்கினவன் விடிந்ததும் எழுந்து நடக்க வேண்டும். “சந்தேகமாயிருக்கிறது” என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக் கொள்ளுகிறவன் பகுத்தறிவுக்காரன் அல்ல, சோம்பேறி. சந்தேகப்பட்டால் விசாரிக்க வேண்டும். விசாரித்தால் இரண்டு பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். பார்த்தால் ஒரு முடிவுக்கு வர வேண்டும். நாளைக்குக் கணக்கு மாறினால் முடிவையும் மாற்றிக் கொள்ள வேண்டும். வேதத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வேதம் தன்னைத் தானே தப்பு என்று சொல்லிக் கொண்டதாக எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? ஆராய்ச்சி அப்படிச் சொல்லிக் கொண்டதற்கு நம் பக்கத்து ஜில்லாவிலேயே அத்தாட்சி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

மூன்று வயதுக் குழந்தை

முதலில் பழைய சங்கதியைப் பார்ப்போம். பெரியம்மை என்னும் வைசூரி கண்டவர்களில் 10 பேரில் சுமார் 3 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகமெல்லாம் தழும்பு; சிலருக்குக் கண் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மாத்திரம் உலகத்தில் சுமார் 30 கோடிப் பேரை அது கொன்றதாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். அப்போது நாம் என்ன செய்தோம்? அம்மன் வந்திருக்கிறாள் என்றோம். வேப்பிலை கட்டினோம். மருந்து கொடுத்தால் அம்மனுக்குக் கோபம் வரும் என்றோம். வந்த அம்மன் வீட்டிலிருந்த குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனாள்.

இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்னும் வைத்தியர் 1796இல் ஜேம்ஸ் பிப்ஸ் என்கிற 8 வயதுப் பையனுக்கு மாட்டம்மைப் பாலைக் குத்தினார். அது நம் தேசத்துக்கு வந்து சேர்ந்தது 1802ஆம் வருஷம் ஜூன் 14ந் தேதி. பம்பாயில் முதன்முதலாகக் குத்திக் கொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? கவர்னரா? கலெக்டரா? பட்டாளத்து சிப்பாயா? இவர்களில் ஒருவருமல்ல. அன்னா டஸ்ட்ஹால் என்கிற 3 வயதுப் பெண் குழந்தை. அந்தக் குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்தின் பாலை எடுத்து மற்றவர்களுக்குக் குத்தி, அவர்களிடமிருந்து எடுத்து இன்னும் பலருக்குக் குத்தி, இப்படிக் கைக்குக் கையாகத்தான் அது இந்நாட்டில் பரவிற்று. ஐஸ் பெட்டி இல்லாத அக்காலத்தில் குழந்தைகளின் கையே மருந்து வைக்கும் பெட்டியாக இருந்தது. இன்று குழந்தைகளுக்கு ஊசியா என்று ஆச்சரியப்படுகிறவர்கள், தடுப்பு மருந்தின் சரித்திரமே குழந்தைகளின் கையில் எழுதப்பட்டது என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

அப்போதும் ஆட்சேபணை கிளம்பிற்று. மாட்டின் சீழை மனிதனுக்கு ஏற்றலாமா என்றார்கள். தெய்வ காரியத்தில் தலையிடலாமா என்றார்கள். இவை வெறும் கூச்சல். ஆனால் கைக்குக் கை மாற்றும்போது ஒருவருடைய மேக வியாதி இன்னொருவருக்கும் ஏறிவிடுகிறதே என்றும் சிலர் சொன்னார்கள். இது கூச்சல் அல்ல, உண்மை. அதற்கு என்ன செய்தார்கள்? அம்மை குத்துவதையே கைவிடவில்லை. கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து எடுக்கும் வழியைக் கையாண்டார்கள். இங்கிலாந்தில் 1898இல் கைக்குக் கை குத்துவதை நிறுத்தினார்கள். கூச்சலைத் தள்ளினார்கள், குற்றத்தைத் திருத்தினார்கள். முடிவு என்ன? 1975க்குப் பிறகு இந்தியாவில் வைசூரி இல்லை. 1980 மே மாதத்தில் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார சபை பிரகடனம் செய்தது. இன்றைக்கு உங்கள் குழந்தைகளில் ஒன்றுக்காவது முகத்தில் வைசூரித் தழும்பு இருக்கிறதா? அம்மன் மனம் மாறிவிட்டாள் என்றா சொல்லப் போகிறீர்கள்?

அம்மனை நம்புகிறவர்கள் சும்மாவும் இருப்பதில்லை. பிளேக் வந்த காலத்தில் கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் உண்டானாள். 2021இல் அதே கோவைக்குப் பக்கத்தில் இருகூரில் கொரோனா தேவி என்று ஒரு சிலையைச் செய்து வைத்துப் பூசை போட்டார்கள். வியாதி மாறினால் பெயரை மாற்றினால் போதும். பூசாரிக்கு வேலை போகாது. நிற்க.

ஊசியிலும் தவறு நேர்ந்ததுண்டு

நாம் ஊசிக்குத் தரகு பேச வந்தவரல்ல என்பதால், மறுபக்கத்துக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம்.

1955ஆம் வருஷம் அமெரிக்காவில் ஜோனஸ் சால்க் என்பவர் கண்டுபிடித்த இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி வெளிவந்தது. அதற்கு முந்திய வருஷத்தில் சுமார் 18 லட்சம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு பரீட்சை பார்த்த பிறகே அதை வெளியிட்டார்கள். அப்படியிருந்தும் கட்டர் என்னும் கம்பெனி தயாரித்த மருந்தில் சாகாத கிருமி கலந்து போய், சுமார் 200 பேர் கைகால் விளங்காமல் போனார்கள். 10 பேர் செத்தார்கள். இது நடந்த உண்மை. சர்க்கார் அந்தக் கம்பெனியின் மருந்தைத் திரும்ப வாங்கி, தயாரிப்பைச் சோதிக்கும் விதிகளைக் கடுமையாக்கி, பிறகு மறுபடியும் ஊசியைத் தொடர்ந்தது. 1952இல் மாத்திரம் சுமார் 58,000 பேரைப் பிடித்த வியாதி அந்த நாட்டைவிட்டே ஓடிற்று. நம் நாட்டில் 2009இல் 741 பேருக்கு வந்த இளம்பிள்ளைவாதம், 2011 ஜனவரி 13ந் தேதி ஹௌராவில் ஒரு குழந்தையைத் தொட்டதோடு நின்றது.

இன்னொன்று கேளுங்கள். பசிபிக் சமுத்திரத்தில் சமோவா என்று ஒரு சிறு தீவு நாடு. ஜனத்தொகை சுமார் 2 லட்சம். 2018 ஜூலையில் அங்கே தட்டம்மை ஊசி போட்ட இரண்டு கைக்குழந்தைகள் உடனே செத்துப் போயின. ஏன் செத்தன என்று விசாரித்தார்கள். மருந்துப் பொடியைக் கரைக்கத் தண்ணீருக்குப் பதிலாக, காலாவதியான வேறொரு மருந்தை நர்சுகள் ஊற்றிவிட்டார்கள். ஊசி மருந்தில் குற்றமில்லை, கலந்த கையில் குற்றம். ஆனால் உண்மை வெளிவருவதற்குள் பயம் ஊரெல்லாம் வந்துவிட்டது. சர்க்காரும் பல மாதம் ஊசியை நிறுத்தி வைத்தது. போட வேண்டிய குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடப் போடப்படவில்லை. 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் பிடித்து, 83 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே அடைத்துவிட்டு, ஊசி போடாதவர்கள் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டும்படி சர்க்கார் உத்தரவு போட்டது. வீடு வீடாய் வந்து ஊசி போட்டார்கள். நம் ஊரில் அம்மை வந்தால் வாசலில் வேப்பிலை கட்டினோம். அங்கே அம்மையை விரட்டச் சிவப்புத் துணி கட்டினார்கள். ஆனால் ஏராளமான குழந்தைகளைப் புதைத்த பிறகு கட்டினார்கள்!

இரண்டு குழந்தைகள் செத்தது சின்ன விஷயம் என்று நாம் சொல்லவில்லை. பெற்றவளுக்கு ஒரு பிள்ளை போனாலும் உலகமே போனதுதான். அந்த இரண்டு பேருக்கு நியாயம் வேண்டும். தவறு செய்தவர்களை விசாரிக்க வேண்டும். அங்கே விசாரித்துச் சிறையிலும் வைத்தார்கள். ஆனால் அந்த இரண்டைக் காட்டி எல்லாக் குழந்தைகளின் கையையும் இழுத்துக் கொண்டதால் 83 ஆயிற்றே, அதற்கு யார் ஜவாப் சொல்லுவது?

செங்கற்பட்டுப் பரீட்சை

பின்னால் சொல்லுகிறோம் என்ற அத்தாட்சி இதுதான். காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. ஊசி உங்களுக்குத் தெரியும். பிறந்த குழந்தையின் இடது தோளில் போடுவது. 1955இல் இராஜகோபாலாச்சாரியார் இந்த ஊசியை எதிர்த்து வெளிப்படையாக எழுதினார். அவர் சொன்னதெல்லாம் சரி என்றோ தப்பு என்றோ வாதாடுவது இப்போது நம் வேலையல்ல. ஆராய்ச்சிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். 1968இல் செங்கற்பட்டு ஜில்லாவில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து, சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெறும் நீருமாகக் குத்தி, யாருக்கு எது என்று குத்துகிறவருக்கும் தெரியாமல் வைத்து, வருஷக்கணக்காய்க் கவனித்தார்கள். 1979இல் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்பதுதான் அந்த முடிவு. இந்திய சர்க்காரும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து நடத்திய பரீட்சை, தாங்களே போட்டுவந்த ஊசிக்கு விரோதமாக முடிவு சொல்லிற்று!

அப்படியானால் பி.சி.ஜி.யைக் குப்பையில் போட்டார்களா? இல்லை. கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வந்து கொல்லுகிற காசத்தை அது தடுக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகளில் தெரிந்தது. ஆதலால் பெரியவர்களுக்கு வேண்டாம், பிறந்த குழந்தைக்கு வேண்டும் என்று வைத்துக் கொண்டார்கள். இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம், “ஊசி நல்லதா கெட்டதா” என்கிற கேள்வியே அரைக் கேள்வி என்பதுதான். எந்த ஊசி? எந்த வியாதிக்கு? எந்த வயதுக்கு? எந்தக் காலத்தில்? இந்த நான்கும் சேர்ந்தால்தான் முழுக் கேள்வி.

கொரோனாவின் கணக்கு

இந்த நான்கு கேள்விகளையும் கொரோனாவிடம் கேட்போம். ஊசி வருவதற்கு முந்திய காலத்தில் கொரோனா தொற்றியவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பல நாட்டுப் புள்ளிகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு ஒன்று 2022இல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வந்தது. 7 வயதில் லட்சம் பேருக்கு சுமார் 2. 30 வயதில் லட்சம் பேருக்கு சுமார் 57. 60 வயதில் லட்சம் பேருக்கு சுமார் 1,000. ஆகவே கிழவர்களுக்குக் காலனாக வந்த வியாதி குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஜலதோஷமாய் வந்து போயிற்று. பெரும்பாலும் என்றுதான் சொல்லுகிறோம். எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. தொற்று வந்து சில வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு உடம்பின் பல உறுப்புகளும் ஒருங்கே வீங்கிக் கொதிக்கும் ஒரு வியாதி வந்தது. பிறவி இருதய நோய், சர்க்கரை நோய், புற்றுநோய் முதலியவை உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம்.

ஊசியின் பக்கம் என்ன? 5 முதல் 11 வயதுக்கு பைசர் கம்பெனியின் ஊசியைப் பெரியவர்களுக்குப் போடுவதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துப் பரீட்சை செய்தார்கள். ஊசி போட்ட சுமார் 1,500 பிள்ளைகளில் 3 பேருக்கும், வெறும் நீர் போட்ட சுமார் 750 பிள்ளைகளில் 16 பேருக்கும் கொரோனா வந்தது. பிறகு ஒமைக்ரான் என்கிற உருவத்தில் கிருமி மாறி வந்தது. சிங்கப்பூரில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை 2022இல் கணக்குப் பார்த்ததில், தொற்று வராமல் தடுப்பதில் இரண்டு ஊசியின் பலன் 100க்கு சுமார் 37ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்காமல் காப்பதில் 100க்கு சுமார் 83 பலன் இருந்தது. தீமையின் பக்கம் பார்த்தால், இவ்வகை ஊசியின் இரண்டாவது தவணைக்குப் பின் சிலருக்கு இருதயத் தசை வீங்கிற்று. அமெரிக்காவில் 16, 17 வயதுப் பையன்களுக்கு இது பத்து லட்சம் ஊசிக்கு சுமார் 106, பெரும்பாலோர் குணமானார்கள். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு இது மிக மிகக் குறைவு.

இந்தக் கணக்கை வைத்துக் கொண்டு நாடுகள் என்ன செய்தன? கியூபா 2021 செப்டம்பரிலேயே 2 வயதுக் குழந்தைக்கும் தன் சொந்த ஊசியைப் போட ஆரம்பித்தது. அமெரிக்கா 2021 நவம்பரில் 5 வயதுக்கும், 2022 ஜூனில் 6 மாதக் குழந்தைக்கும் போடச் சொன்னது. சுவீடன் 2022 ஜனவரியில், 5 முதல் 11 வயதுள்ள சுகமான பிள்ளைகளுக்குப் பொதுவாகப் போடத் தேவையில்லை என்றது. டென்மார்க் முதலில் போட்டு, 2022இல் நிறுத்திக் கொண்டது. நம் இந்தியாவில் 2022 ஜனவரி 3ந் தேதி முதல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், மார்ச்சு 16 முதல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் போட்டார்கள்.

“பார்த்தீர்களா! ஒருவன் போடு என்கிறான், ஒருவன் வேண்டாம் என்கிறான். எல்லாம் புரட்டு” என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அப்படியல்ல தோழர்களே! ஒரே மழைக்கு மேட்டுக் காட்டுக்காரனும் பள்ளத்து வயல்காரனும் ஒரே வேலை செய்கிறார்களா? அவன் விதைக்கிறான், இவன் வடிகால் வெட்டுகிறான். ஒருவன் முட்டாள், ஒருவன் அயோக்கியன் என்று அர்த்தமா? நன்மை மலையளவு, தீமை கடுகளவு என்றிருக்கிற இடத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவார்கள். நன்மையும் கொஞ்சம், தீமையும் கொஞ்சம் என்றிருக்கிற இடத்தில் யோக்கியர்களும் இரண்டு விதமாய் முடிவு செய்யலாம். சுகமாயுள்ள சிறு பிள்ளைக்குக் கொரோனா ஊசி என்பது இரண்டாவது வகை. நோயுள்ள பிள்ளைக்கு அதே ஊசி முதல் வகை. 2023 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனமும், சுகமான குழந்தைகளைக் கடைசி வரிசையில் வைத்து, அந்தந்த நாடு தன் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யட்டும் என்றது. கர்ப்ப ஸ்திரீகளுக்குப் போட்டால் தாய்க்கும், ஊசி போட முடியாத பச்சைச் சிசுவுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு என்றும் சொல்லிற்று.

கிழவருக்காகக் குழந்தையைக் குத்தலாமா?

இதில் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது. “பிள்ளைக்கு ஆபத்தில்லாவிட்டாலும், அது பள்ளிக்கூடத்திலிருந்து கிருமியைக் கொண்டுவந்து வீட்டிலுள்ள தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கொடுத்துவிடுமே, அதற்காகவாவது பிள்ளைக்குப் போட வேண்டாமா?” என்பது அது. தாத்தா தன் கையைத் தானே நீட்டலாம். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாயிருக்கிறது. குழந்தைக்கு அந்த வாய் இல்லை. வாயில்லாத ஒருவரை மற்றவருடைய நன்மைக்கு உபயோகப்படுத்துவதானால் இரண்டு நிபந்தனை வேண்டும் என்பது நமதபிப்பிராயம். ஒன்று, அந்த நன்மை நிச்சயமாய் ருஜுவாகியிருக்க வேண்டும். இரண்டு, குழந்தைக்குத் தீங்கு ஏறக்குறைய இல்லை என்று ஏற்பட்டிருக்க வேண்டும்.

ரூபெல்லா என்கிற அம்மைக்கு ஆண் பிள்ளைகளுக்கும் ஊசி போடுகிறோம். அந்த அம்மை பையனைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் முதல் மாதங்களிலுள்ள கர்ப்பிணிக்குத் தொற்றினால் பிறக்கிற குழந்தை செவிடாகவும், கண் பூத்தும், இருதயக் கோளாறோடும் பிறக்கலாம். அங்கே இரண்டு நிபந்தனையும் நிறைவேறியிருக்கின்றன. ஆதலால் போடுவது தர்மம். கொரோனாவில் ஒமைக்ரான் வந்த பிறகு தொற்றைத் தடுக்கும் சக்தி குறைந்து, சில மாதத்தில் இன்னும் குறைந்துவிட்டது. ஆகவே தாத்தாவைக் காக்க நேரான வழி தாத்தாவுக்கே ஊசி போடுவதுதான். தாத்தா “நமக்கென்ன, ஆயுசு முடிந்தால் போகிறோம்” என்று திண்ணையில் உட்கார்ந்து கொண்டு, பேரனைப் பார்த்து “நீ போய்ப் போட்டுக்கொண்டு வா” என்பது வீரமும் அல்ல, வேதாந்தமும் அல்ல.

மறந்து போன ஊசி

தோழர்களே! கொரோனா ஊசி போடலாமா வேண்டாமா என்று நாம் வாதாடிக் கொண்டிருந்த அதே காலத்தில், வாதத்துக்கு இடமேயில்லாத ஊசிகள் போடப்படாமல் போயின. பயத்தினால் தாய்மார்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பஸ் இல்லை. நர்சுகள் கொரோனா வேலைக்குப் போய்விட்டார்கள். 2019 முதல் 2021 வரை மூன்று வருஷத்தில் உலகத்தில் 6 கோடியே 70 லட்சம் குழந்தைகளுக்கு, போட வேண்டிய ஊசிகள் முழுவதுமோ ஒரு பகுதியோ போடப்படவில்லை என்று யூனிசெப் கணக்குச் சொல்லிற்று. பயன் என்ன? 2022இல் மாத்திரம் தட்டம்மையால் உலகத்தில் சுமார் 1,36,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்த வருஷக் கடைசியில் பம்பாயின் குடிசைப் பகுதிகளிலும் தட்டம்மை பரவிப் பிள்ளைகள் செத்தன.

தட்டம்மை கொரோனாவைப் போலக் கிழவனைத் தேடுவதல்ல. குழந்தையைத்தான் தேடுகிறது, அதிலும் சோறு போதாத குழந்தையைத் தேடுகிறது. தடுப்புச் சக்தியில்லாத 10 பேர் ஒரு நோயாளியோடு பழகினால் 9 பேருக்குத் தொற்றும். நிமோனியா, மூளைக்காய்ச்சல், கண் குருடு எல்லாம் அதோடு வரும். போன பிறகும், மற்ற நோய்களை எதிர்க்க உடம்பு சேர்த்து வைத்திருந்த பலத்தையும் துடைத்துக் கொண்டு போகும். இதற்கு 9 மாதம் முடிந்தவுடன் ஒன்றும், ஒன்றரை வயதை ஒட்டி ஒன்றுமாக இரண்டு ஊசி. 100க்கு சுமார் 97 பேருக்குப் பாதுகாப்பு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. இது மலையும் கடுகுமான கணக்கு. இதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. சுகமான குழந்தைக்குக் கொரோனா ஊசியால் வரும் நன்மையைவிட, இந்தப் பழைய ஊசிகளால் வரும் நன்மை மிகப் பெரிது என்று அதே உலக சுகாதார ஸ்தாபனமே 2023இல் சொல்லியிருக்கிறது.

ஆதலால், தொத்து வியாதிக் காலத்தில் குழந்தைக்கு ஊசி போடலாமா என்று கேட்டால் நம் பதில் இதுதான். வழக்கமாய்ப் போட வேண்டிய ஊசிகளை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். ஊர் அடைத்துக் கிடந்தாலும் கேட்டுப் போடச் செய்யுங்கள். புதிய வியாதி குழந்தைகளைக் கொல்லுவதாயிருந்தால், பரீட்சை முடிந்த ஊசியைத் தாமதமின்றிப் போடுங்கள். புதிய வியாதி குழந்தைகளை அதிகம் தொடாததாயிருந்தால், நோயுள்ள பிள்ளைக்கு முதலில் போடுங்கள். சுகமுள்ள பிள்ளைக்கு அப்போதைய கணக்கைப் பார்த்து வைத்தியரைக் கேட்டுப் போடுங்கள். கொரோனாவைவிடக் கொடிய ஒன்று நாளை வரலாம். அது குழந்தைகளையே தேடி வரலாம். அன்றைக்கு, “கொரோனாவுக்குச் சுவீடன் வேண்டாம் என்றதே” என்று பழைய கணக்கைக் காட்டிக் கையை இழுத்துக் கொள்ளாதீர்கள்.

சில ஆட்சேபணைகள்

“ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறதே” என்கிறார்கள். வரும், ஒரு நாள் இரண்டு நாள் வரும். உடம்பு பாடம் படிக்கிறது என்பதற்கு அடையாளம் அது. “கம்பெனிக்காரன் கொள்ளை லாபம் அடிக்கிறான்” என்கிறார்கள். அடிக்கிறான்தான். அரிசிக் கடைக்காரனும் லாபம் அடிக்கிறான். அதற்காகச் சோறு விஷமாகிவிடுமா? கொள்ளை லாபத்தைத் தடுக்கச் சர்க்காரைக் கேளுங்கள். குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். “வியாதி வந்து தானாக உண்டாகும் சக்திதான் நல்லது” என்கிறார்கள். பிழைத்தவன் அப்படிச் சொல்லலாம். செத்தவன் வந்து சொல்லமாட்டான். “வாட்ஸ்அப்பில் வந்தது” என்கிறார்கள். அதை அனுப்பியவன் உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ராத்திரியில் கதவைத் தட்டினால் திறப்பானா?

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. ஜனங்கள் பயந்தால் அவர்களை முட்டாள்கள் என்று ஏசாதீர்கள், அதட்டிப் போடாதீர்கள். ஊசியால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் மூடி மறைக்காதீர்கள். உடனே விசாரித்து, கண்டதை ஊரறியச் சொல்லி, நஷ்டப்பட்டவனுக்குப் பணமும் மரியாதையும் கொடுங்கள். ஒளித்து வைத்த ஒரு தீங்கு, ஒளிக்காத நூறு தீங்கைவிட அதிகக் குழந்தைகளைக் கொல்லும். ஏனெனில் நம்பிக்கை போனால் ஊசி போகும். ஊசி போனால் குழந்தை போகும்.

தாய்மார்களே! கடைசியாய் உங்களுக்குத்தான் சொல்லுகிறோம். குழந்தையைப் பெற்றதும் நீங்கள், காய்ச்சலில் கண் விழிப்பதும் நீங்கள். ஆனால் ஊசி வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லுவது மாத்திரம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளையா? அந்த அதிகாரத்தை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அரிசிப் பானைக்குப் பின்னாலோ, பெட்டிக்கு அடியிலோ கிடக்கிற குழந்தையின் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டம் காலியாயிருக்கிறதோ, அதைக் காட்டிக் கிராம நர்சைக் கேளுங்கள். வயது தாண்டிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். விட்டுப்போனதை எப்படிப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியும். நம்மைக் கேள்வி கேட்ட தோழர்களும் அவரவர் வீட்டு அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வந்து இன்னும் கேள்வி கேட்கட்டும். கேள்விக்குப் பயந்து ஓடுகிறவரல்ல நாம். காலியாய்க் கிடக்கிற அந்தக் கட்டத்தைக் கண்டுதான் பயப்படுகிறோம்.